பழைய என்டர்பிரைஸ் படகுக்குப் புது ரிக்கிங்: கழற்றுவது முதல் பாய் ஏற்றுவது வரை

துறைமுகத்துக்குள்ளேயே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெரிய காற்று என்று சொல்ல முடியாத ஒரு சாயங்காலத்தில் எங்கள் படகின் பாய்மரம் சாய்ந்தது. கம்பி அறுந்ததா என்றால் இல்லை. பக்கக் கம்பியைப் படகோடு இணைப்பது ‘பின்’ என்ற சிறு எஃகுத் தண்டு. அது நழுவாமல் இருக்க அதன் துளையில் ஒரு சின்ன எஃகு வளையம் போடுவார்கள். சாவிக்கொத்து வளையத்தில் பாதி அளவுதான் இருக்கும். அது எதிலோ மாட்டி, விரிந்து, கழன்றுவிட்டது. பின் நழுவியது, கம்பி பறந்தது, நானும் தம்பியும் நீலப் பாய்க்கு அடியில் கிடந்தோம். அந்த வளையத்தை மாட்டியது நான்தான். அதன்மேல் டேப் சுற்றாமல் விட்டதும் நான்தான்.

அதற்கப்புறம்தான் முழு ரிக்கிங்கையும், அதாவது பாய்மரத்தையும் பாயையும் பிடித்து இயக்கும் கம்பி, கயிறு எல்லாவற்றையும், கழற்றிப் புதிதாகப் போடலாம் என்று உட்கார்ந்தோம். கழற்றக் கழற்ற ஒன்று புரிந்தது. கம்பிகளின் நடுப்பகுதி எல்லாம் நன்றாகவே இருந்தது. கெட்டுப்போயிருந்தவை முனைகள், இணைப்புகள், ஆணிகள். ஆகவே இந்த வழிகாட்டியும் முனைகளில்தான் அதிக நேரம் நிற்கும்.

படகைப் பற்றி இரண்டு வரி. என்டர்பிரைஸ் 1956-இல் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த இருவர் படகு. நீளம் 4.04 மீட்டர், பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. நீலப் பாய்தான் அதன் அடையாளம். இந்தியாவின் பல பாய்ப்படகு மன்றங்களில் இதன் பழைய உடல்கள் கிடக்கின்றன. ஐதராபாத் உசேன் சாகர் நன்னீரில் ஓடிய படகின் கம்பியும் சென்னைத் துறைமுக உப்பில் ஓடிய படகின் கம்பியும் ஒரே வயதாக இருந்தாலும் ஒரே நிலையில் இருக்காது. வாங்குகிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள். வேறு சிறு படகு வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

கழற்றும் முன்

பாய்மரம் நின்றுகொண்டிருக்கும்போதே அளவெடுங்கள். கீழே இறக்கிய பிறகு எடுக்க முடியாத அளவுகள் இரண்டு. பெரிய பாயை ஏற்றும் கயிற்றில் அளவு டேப்பின் நுனியைக் கட்டி உச்சிவரை ஏற்றி, படகின் பின்பலகை மேல்விளிம்பின் நடுப்புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பாய்மரம் பின்னால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதற்கு இதுதான் அளவு. அடுத்து, அதே டேப்பை இரண்டு பக்கத்துச் செயின்பிளேட்டுக்கும் (பக்கக் கம்பியின் கீழ்முனை படகில் மாட்டும் தகடு) பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் பாய்மரம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. எங்களுடையதில் 2 செ.மீ. வித்தியாசம் இருந்தது. காற்றுக்கு எதிராக ஒரு பக்கம் திரும்பி ஓடும்போது மட்டும் படகு ஏன் நன்றாக ஏறுகிறது என்று இரண்டு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் போன் கேமரா. ஒவ்வொரு கப்பியும் எந்தத் திசையில் இருக்கிறது, கயிறு எதற்கு மேலே போய் எதற்குக் கீழே வருகிறது என்று நாற்பது ஐம்பது படமாவது எடுங்கள். அதிகமாகத் தோன்றும். மூன்று வாரம் கழித்துப் பூட்டும்போது எந்தப் படத்தை எடுக்கவில்லையோ அதைத்தான் தேடுவீர்கள்.

இறக்குவதற்கு முன்னால் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். அலுமினியப் பாய்மரமும் மின்கம்பியும் சேர்ந்தால் உயிர் போகும். டிரெய்லரில் படகைத் தள்ளும்போதும் இதே கவனம் வேண்டும். காற்றில்லாத காலை நேரத்தில், ஒருவர் அடியைப் பிடிக்க, ஒருவர் முன்கம்பியை மெதுவாக விட, இன்னொருவர் கையில் தாங்க, மூன்று பேர் இருந்தால் நிம்மதி.

பாய்மரத்தைப் படுக்கவைத்துப் பார்ப்பது

இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிமேல் பழைய தலையணை போட்டுப் படுக்க வையுங்கள். முதலில் உள்ளும் புறமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் பாய்மரத்தின் அடியிலிருந்து உப்பு, மணல், கறையான் கூட்டின் மிச்சம், ஒரு பழைய ரிவெட் தண்டு எல்லாம் வந்தன. அந்த ரிவெட்தான் இத்தனை நாள் கலகலவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

காய்ந்த பிறகு ஒரு முனையிலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள், துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல. வளைவு ஒரே சீராக இருந்தால் பயமில்லை. ஓரிடத்தில் மட்டும் முறிவு மாதிரி தெரிந்தால் அந்தப் பாய்மரம் முடிந்தது. அதை நிமிர்த்த நினைக்காதீர்கள். நிமிர்த்தின அலுமினியம் அதே இடத்தில் உடையும்.

அடுத்து டேங். பாய்மரத்தின் தோள்பட்டையில் பக்கக் கம்பிகள் வந்து மாட்டும் தகடு அது. எஃகுத் தகடு, அலுமினியப் பாய்மரம், இடையில் உப்புநீர். வேறு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் பேட்டரிபோல வேலை செய்து, அலுமினியம் தன்னைக் கரைத்துக்கொள்ளும். தகட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, பெயின்ட் கொப்புளம், லேசான வீக்கம் தெரிந்தால் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ரிவெட்டுத் துளைகளைச் சுற்றி முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வெல்டிங் சாமான் கடையில் கிடைக்கும் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே வாங்குங்கள். பரப்பைத் துடைத்துச் சிவப்புத் திரவத்தை அடித்து, பத்து நிமிடம் விட்டு, துணியால் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசலுக்குள் போன சிவப்பு வெளியே கசிந்து கோடு போட்டுக் காட்டும். எங்களுடையதில் இடது டேங்கின் கீழ்த் துளையில் 4 மி.மீ. கோடு. வெறும் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அப்படிக் கோடு தெரிந்தால் டேங்கை மேலேயோ கீழேயோ முழு உலோகம் உள்ள இடத்துக்கு மாற்ற வேண்டும். அதற்கேற்பக் கம்பி நீளமும் மாறும்.

ரிவெட்டை எடுக்கத் தலையை மட்டும் டிரில்லால் வெட்டித் தண்டை உள்ளே தட்டிவிட வேண்டும். முழுத் துளையையும் அகலமாக்கிவிடாதீர்கள். புதிதாக அடிக்கும்போது, சுமை தாங்கும் இடத்தில் கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் அலுமினிய ரிவெட் போதாது. நிக்கலும் செம்பும் கலந்த மோனல் ரிவெட் வேண்டும். தகட்டுக்கும் பாய்மரத்துக்கும் நடுவில், இரண்டு உலோகமும் தொடாமல் பிரித்து வைக்கும் டியூராலாக் மாதிரியான பசையைத் தடவுங்கள். திருகாணியின் புரிக்கும் அதே பசை. தடவாமல் போட்ட எஃகுத் திருகு அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை கழற்றும்போது தலை மட்டும்தான் கையில் வரும்.

உச்சியிலும் நடுவிலும் உள்ள உருளைகளையும் பாருங்கள். கம்பிக் கயிறு ஓடி ஓடி உருளையின் பள்ளம் கத்தி மாதிரி கூராகியிருக்கும். அதன்மேல் புது நூல் கயிற்றைப் போட்டால் நாலே நாளில் சுரண்டித் தின்றுவிடும். கம்பியிலிருந்து கயிற்றுக்கு மாறுகிறீர்கள் என்றால் உருளையும் மாற வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுக் கயிற்றைக் குறை சொல்வார்கள்.

நிற்கும் கம்பிகள்

பாய்மரத்தைத் தாங்கி அசையாமல் நிற்பவை இரண்டு பக்கக் கம்பிகளும் ஒரு முன்கம்பியும். எங்கள் படகில் வேறு எதுவும் இல்லை. கம்பியை ஒரு பழைய பருத்தித் துணியால் பிடித்து மேலிருந்து கீழாக உருவுங்கள். வெறுங்கை வேண்டாம். ஓர் இழை அறுந்திருந்தாலும் துணி மாட்டிக்கொள்ளும். ஓர் இழை அறுந்த கம்பிக்கு வைத்தியம் கிடையாது, மாற்ற வேண்டியதுதான்.

முனைகளை பூதக்கண்ணாடியில் பாருங்கள். கம்பியை ஒரு குழாய்க்குள் விட்டு இயந்திரத்தில் அழுத்திப் பிடிப்பித்திருப்பார்கள். அதை ஸ்வேஜ் என்பார்கள். துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிக்காமல் இருப்பது அதன்மேல் உள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஸ்வேஜுக்குள் நீர் இறங்கித் தேங்கினால் உப்பு இருக்கும், ஆக்சிஜன் இருக்காது. வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். அதனால்தான் கம்பி நுழையும் வாயில் பழுப்புக் கறையோ, குழாயில் நெடுக்குவாட்டு விரிசலோ, முனை லேசாக வாழைப்பழம் மாதிரி வளைந்தோ இருந்தால் பேரம் பேசாதீர்கள். மேல் முனையைவிடக் கீழ் முனைதான் சீக்கிரம் போகும். நீர் கீழே இறங்கி அங்கேதான் குழாய்க்குள் தேங்கும்.

கறை எல்லாமே ஆபத்தும் இல்லை. மேல்பரப்பில் தேநீர் சிந்தின மாதிரி பழுப்பாக இருந்து, தேய்த்தால் போய்விட்டால் அது அழுக்குதான். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். குளியலறை ஆசிட்டோ பிளீச்சிங் பவுடரோ பக்கத்தில் வரக் கூடாது. இரண்டிலும் குளோரின் இருக்கிறது, எஃகுக்கு அதுதான் எமன். இரும்புச் சுருளால் தேய்த்தாலும் அதன் துகள் ஒட்டிப் புதுத் துரு தொடங்கும்.

புதுக் கம்பி வாங்கும்போது கேட்க வேண்டியது 316 தரம். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்பைத் தாங்குவது அதுதான். கடைகளில் 304-ஐ 316 என்று நீட்டுவது சகஜம். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள், நம்பாதீர்கள். இரண்டும் அடிப்படையில் காந்தத்தில் ஒட்டாதவை; கம்பியாக இழுக்கும்போது இரண்டுமே லேசாக ஒட்ட ஆரம்பிக்கலாம். மாலிப்டினம் சோதிக்கும் சொட்டுத் திரவம் விற்கிறார்கள், அதில் நிறம் மாறினால் 316. ஒரு பாட்டில் வாங்கினால் ஆயுசுக்கும் போதும். ஷேக்கிள் (பின் போட்டுப் பூட்டும் U வடிவ இணைப்பு), பின், வளையம் எல்லாவற்றையும் அதிலேயே சோதிக்கலாம்.

பக்கக் கம்பிக்கு 1x19 பின்னல் எடுங்கள். பத்தொன்பது தடித்த இழைகள், சுமையில் நீள்வது குறைவு. 2.5 மி.மீ. கம்பி சுமார் 500 கிலோவும் 3 மி.மீ. கம்பி சுமார் 720 கிலோவும் தாங்கும். வளைந்து உருளைமேல் ஓட வேண்டிய இடத்துக்கு 7x19, அதாவது ஏழு புரி, ஒவ்வொன்றிலும் பத்தொன்பது மெல்லிய இழை. அது நெகிழும், அதனால் பக்கக் கம்பிக்கு ஆகாது. நீளத்தை எப்போதும் பின் துளை நடுவிலிருந்து பின் துளை நடுவரை, பழைய கம்பியை இழுத்துப் பிடித்து அளந்து கொடுங்கள். டேங்கை நகர்த்தியிருந்தால் அந்த வித்தியாசத்தைக் கூட்டியோ குறைத்தோ கொடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். வந்ததும் ஒரே ஆணியில் இரண்டையும் தொங்கவிட்டுப் பாருங்கள். எங்களுக்கு வந்த முதல் ஜோடியில் 6 மி.மீ. வித்தியாசம், திருப்பி அனுப்பினோம்.

1x19 முனையை வீட்டில் அழுத்தப் பார்க்காதீர்கள், இயந்திரம் வேண்டும். நெகிழும் கம்பிக்குக் கையால் அழுத்தும் கருவி போதும். ஆனால் எஃகுக் கம்பிக்குச் செம்புக் குழாய்தான் போட வேண்டும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் அலுமினியக் குழாய் உப்பில் ஒரு பருவம் தாண்டாது.

பக்கக் கம்பியின் கீழ்முனையில் பழைய படகுகளில் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள் இருக்கும். அதை எடுத்துவிட்டு, வரிசையாகத் துளையிட்ட அட்ஜஸ்டர் தகடு போட்டேன். எடை குறைவு, தானாகச் சுழன்று தளராது, எந்தத் துளை என்று எண்ணி எழுதி வைக்கலாம். செயின்பிளேட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் ஒருமுறை கழற்றுங்கள். மரப் படகில் போல்ட்டைச் சுற்றிய பிளைவுட் கறுத்து மெத்தென்று இருந்தால் முதலில் மரவேலை, அப்புறம் ரிக்கிங்.

டைனீமா என்ற பலமான செயற்கை இழைக் கயிற்றில் பக்கக் கம்பியே செய்யலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், பலர் செய்கிறார்கள். நான் செய்யவில்லை. வருடம் முழுக்கச் சுமையில் நின்றால் அது மெல்ல மெல்ல நீளும், சென்னை வெயிலும் அதைத் தின்னும். பந்தயத்துக்குப் போகிறவர்கள் தங்கள் படகு வகுப்பின் பந்தய விதியையும் பார்க்க வேண்டும். ஓடுகிற கயிறுகளில் மட்டும் டைனீமாவைத் தாராளமாக வைத்தேன்.

ஓடும் கயிறுகள்

பாயை ஏற்றும் கயிற்றுக்கு நம் கடலோரத்தில் ஆஞ்சான் என்று பெயர் உண்டு, பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்து விடும் கயிறு தாமான். மன்றங்களில் ஹாலியார்ட், ஷீட் என்பார்கள். எந்தப் பெயர் வேண்டுமானாலும் சொல்லுங்கள், பழைய ஆஞ்சானை உருவிப் போடாமல் இருந்தால் சரி. புதுக் கயிற்றின் முனையைப் பழைய கயிற்றின் முனையோடு நூலால் தைத்து, மேலே வழுவழுப்பாக டேப் சுற்றி, பழையதை இழுத்தால் புதியது உள்ளே போகும். உருவிவிட்டுப் பிறகு பாய்மரத்துக்குள் நூல் விட்டுத் தேடும் அனுபவம் எல்லோருக்கும் ஒரு தடவையாவது வாய்க்கும்.

பெரிய பாய்க்கு 4 மி.மீ. டைனீமா. பலத்துக்கு என்று பார்த்தால் 3 மி.மீ. போதும், அதுவே ஒரு டன்னுக்கு மேல் தாங்கும். ஆனால் அவ்வளவு மெல்லிசாக இருந்தால் கையை அறுக்கும். இதில் முடிச்சு போடாதீர்கள். டைனீமா வழுக்கும், முடிச்சில் பலம் பாதியைவிடக் குறைந்துவிடும். செருகிப் பின்னின கண்ணிதான் போட வேண்டும். பார்த்தால் பயமாக இருக்கும், செய்தால் பத்து நிமிட வேலை.

4 மி.மீ. கயிற்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே புதைய வேண்டிய வால் கயிற்றின் விட்டத்தைப்போல 72 மடங்கு, அதாவது 29 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையிலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒரு மை அடையாளம், அது ‘அ’. அங்கிருந்து கண்ணி எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்தச் சுற்றளவு தள்ளி இன்னொன்று, அது ‘ஆ’. வாலை ‘ஆ’வில் கயிற்றின் நடு இழைகளுக்கு ஊடே நுழைத்து, ‘அ’ அதை வந்து தொடும்வரை இழுங்கள். இப்போது கயிற்றின் மறுமுனையை எடுத்து, வாலில் ‘அ’ இருக்கும் இடத்தில் ஊடே நுழைத்து முழுக் கயிற்றையும் இழுத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு பூட்டிவிடும். இனி வாலைப் புதைக்க வேண்டும். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்துக் கயிற்றின் உள்ளுக்குள், வெற்றுக் குழாய்க்குள் விடுவதுபோல, 30 செ.மீ. தள்ளியிருந்து கண்ணியை நோக்கி விட்டு, வாலை அதில் மாட்டி இழுங்கள். மாட்டும் முன் வால் முனையின் கடைசி 8 செ.மீ.யில் ஒரு ஜோடி இழை விட்டு ஒரு ஜோடியை வெட்டிக் கூராக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் முடியும் இடத்தில் கயிறு திடீரென்று மெலிந்து அங்கேயே பலவீனமாகும். கடைசியில் கண்ணியைப் பிடித்துக்கொண்டு, பசுவின் மடியைக் கறப்பதுபோல, கயிற்றைக் கண்ணியிலிருந்து வெளிப்பக்கமாக உருவிவிடுங்கள். சுருக்கம் எல்லாம் போய் வால் உள்ளே மறைந்துவிடும்.

புதைத்த பகுதி தடித்துக் குட்டையாகும். ஆகவே நீளம் கறாராக வேண்டிய கயிற்றைக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டுங்கள்.

தாமானுக்கு டைனீமா வேண்டாம். கையில் பிடிக்க 8 மி.மீ. பாலியெஸ்டர் பின்னல்தான் சுகம். மீன்பிடிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு மிதக்கும். ஆனால் கை வழுக்கும், வெயிலில் பொடியாகும்.

முன்பாயின் ஆஞ்சானில்தான் முழு ரிக்கிங்கின் இறுக்கமும் இருக்கிறது. பாய் ஏறி இறுகியதும் முன்கம்பி தளர்ந்து சும்மா தொங்கும், அது கோளாறு இல்லை. பழைய படகுகளில் இதை இறுக்க ஒரு நெம்புகோல் இருக்கும், அதற்கு இரண்டே நிலைதான். அதைக் கழற்றிவிட்டு 4 மடங்கு கப்பித் தொகுதியை இன்னொரு 2 மடங்குத் தொகுதியோடு அடுக்கினால் 8 மடங்கு கிடைக்கும், ஓடும்போதே மாற்றலாம். பூமை, அதாவது பெரிய பாயின் அடிக் கட்டையை, கீழே இழுக்கும் கிக்கர் என்ற கயிற்றுக்கும் இதே அடுக்கு. கணக்கு 8 என்றாலும் பழைய கப்பிகளின் உராய்வில் கையில் கிடைப்பது குறைவு. ஆகவே புதுப் பந்துருளைக் கப்பிகளுக்குப் பணம் இருந்தால் இந்த இரண்டு இடத்தில் முதலில் போடுங்கள். மற்ற இடமெல்லாம் பழையதைக் கழுவி ஓட்டலாம்.

நிறுத்தி இறுக்குவது

பாய்மரத்தை ஏற்றி, பக்கக் கம்பிகளை இரண்டு பக்கமும் ஒரே எண் துளையில் மாட்டுங்கள். முன்பாயை ஏற்றி இறுக்கி, ஆரம்பத்தில் குறித்த பின்பலகை அளவு வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரு துளை மாற்றி மறுபடி. பக்கவாட்டு வித்தியாசம் 5 மி.மீ.க்குள் வந்தால் போதும். இறுக்கம் எவ்வளவு என்பதற்கு மீட்டர் இருக்கிறது, ஆனால் பழைய மரப் படகுக்கு அதில் வரும் எண்ணைவிட நடுத்தரக் காற்றில் ஓட்டிப் பார்ப்பது நம்பகமானது. காற்று அடிக்காத பக்கத்துக் கம்பி அப்போதுதான் லேசாகத் தளர ஆரம்பிக்க வேண்டும். தொங்கி ஆடினால் போதவில்லை. படகின் உடல் கிறீச்சிட்டாலோ சென்டர்போர்டு (படகின் அடியில் இறங்கும் பலகை) பெட்டி கசிந்தாலோ அதிகம்.

வளையங்களைக் கையால் திருகி முழுவதும் ஏற்றி, பின்னின் தலை மேல்பக்கம் இருக்கும்படி வையுங்கள். வளையத்தின் மேல் மட்டும் ஒட்டும் டேப் ஒன்றரைச் சுற்று. ஸ்வேஜைச் சுற்றிக் காற்றுப் புகாமல் டேப் சுற்றும் பழக்கம் வேண்டாம், அது தண்ணீரை உள்ளே பூட்டி வைக்கும்.

முதல் இரண்டு மூன்று தடவை காற்று குறைந்த காலையில் ஓட்டி, ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் அளவுகளை மறுபடி எடுங்கள். புதுக் கம்பி கொஞ்சம் உட்காரும், புதுக் கயிறு அதைவிட அதிகமாக உட்காரும். அப்புறம் தினமும் நல்ல தண்ணீர், முக்கியமாகக் கீழ்முனைகளில். படகு நிறுத்தியிருக்கும் வாரங்களில் ஆஞ்சானின் முனையில் மெல்லிய நூலைக் கட்டிக் கயிற்றைப் பாய்மரத்துக்குள் இழுத்து வைத்தால் வெயில் நூலை மட்டும் தின்னும்.

படகில் ஒரு பிளாஸ்டிக் டப்பா கட்டி வைத்திருக்கிறோம். அதில் ஆறு வளையம், இரண்டு பின், இரண்டு ஷேக்கிள், 2 மீட்டர் டைனீமா, ஒரு டேப், ஒரு கத்தி. மூடியில் தம்பி மார்க்கரில் “அண்ணன் புத்தி” என்று எழுதியிருக்கிறான்.